மலை விடுதியாயிற்று, மக்கள் ஏவலராயினர்!

விருந்தினன் என்பவன் யாவன்? அழைத்தோ அழையாமலோ வருபவன். இட்டதை உண்டு, கொடுத்த இடத்தில் துயின்று, பொழுது புலர்ந்ததும் நன்றி கூறிச் செல்பவன். வந்தவன் செல்லாது தங்கி, இருந்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, வீட்டுக்குரியவனையே தண்ணீர் சுமக்கவும் விளக்கேற்றவும் ஏவினான் எனின், அவனை விருந்தினன் என்று உலகில் எம்மொழியும் கூறாது. நீலமலையில் நேர்ந்தது இதுவே. ஆயினும், இருநூறாண்டு கழிந்த பின்னும், அம்மலையைக் 'கண்டுபிடித்துக் கொடுத்த' வள்ளல்களாகவே அவ்வழையா விருந்தினர் போற்றப் பெறுகின்றனர்! அவர்கள் குடித்த மதுவும், ஆடிய ஆடலும், ஏறிய குதிரையும் 'மரபுச் சிறப்பு' என்று விலைகூறி விற்கப் பெறுகின்றன! விற்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். இதனினும் நாணத்தக்கது பிறிதொன்று உண்டோ?

மந்து இருந்த இடம்

உதகமண்டலம் என்று இன்று வழங்கும் ஊர், வெள்ளையன் கால்வைப்பதற்கு முன்னர் வெற்றிடமாய்க் கிடந்ததில்லை. அது தொதவர் நிலம். அவர்தம் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். தமிழின் மன்றும் மந்தையும் அச்சொல்லோடு உறவுடையன என்பதை மொழியறிந்தார் உணர்வர். 'ஒற்றைக்கல் மந்து' என்னும் பெயரே திரிந்து, ஆங்கிலேயன் நாவில் சிதைந்து, பின்னர் வடமொழிப் பூச்சும் பெற்று 'உதகமண்டலம்' ஆயிற்று என்பது பலர் கருத்து. முன்னொட்டின் பிறப்புப் பற்றி வேறுபாடு இருக்கலாம். பின்னொட்டு மந்து என்பதில் ஐயமில்லை. ஊரின் பெயரிலேயே உரியவன் யார் என்னும் சான்று உறைந்து கிடக்கின்றது.

தொதவர் எருமை மேய்த்தனர். பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் செய்தளித்தனர். படகர் தவசம் விளைத்தனர். குறும்பர் காட்டுத்தேனும் பிற காடுபடுபொருளும் கொணர்ந்தனர். ஒருவர்க்கொருவர் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த அம்மலையில் விடுதியென்று ஒன்று இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை.

1819-இல் கோவை மாவட்டத் தண்டலாளன் சான் சல்லிவன் மலையேறினான். 1822-இல் உதகையில் கல்வீடு ஒன்றை எழுப்பத் தொடங்கினான். மக்கள் அதனைக் 'கல்பங்களா' என்றனர். இன்று அஃது அரசு கலைக்கல்லூரி வளாகத்தினுள் நிற்கின்றது. தொதவரிடம் அவன் ஏக்கர் ஒன்றுக்கு ஓர் உருபா என்னும் விலையில் நிலம் பெற்றதாகச் சொல்லப்படுகின்றது. பிற வெள்ளையர் அனைவரும் சேர்ந்து வைத்திருந்ததினும் மிகுதியான நிலத்தை அவனொருவனே வளைத்திருந்தான். 'தொதவரின் நிலவுரிமையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஈடு கொடுத்தல் வேண்டும்' என்று தன் மேலாளரோடு வழக்காடியவனும் அவனே என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், களவு போன வீட்டுக்குக் 'கூலி கொடுத்துவிட்டேன்' என்று கூறுவானைக் கள்வனல்லன் என்று எவரும் விடுத்துவிடார்.

1820களின் இறுதியில், ஆளுநன் இலசிங்டன் காலத்தில், நோயுற்ற வெள்ளைப் படையினர்க்கும் அலுவலர்க்கும் உடல்தேற்றும் இடமாக ஊர் மாற்றப்பெற்றது. வீடுகள் வாடகைக்கென்றே கட்டப்பெற்றன. மருந்துக்கென வந்தவர் மதுவுக்கெனத் தங்கினர். மதுவுக்கெனத் தங்கியோர் ஆட்சிக்கென நிலைத்தனர். விடுதி முன்னே பிறந்தது. நகர் பின்னே பிறந்தது. இந்நகரின் பிறவிக்குறை அதுவே!

வட்டிக்காரன் கட்டிய கூடம்

உதகையின் தலைசிறந்த பழம்பெரு விடுதி எது? பின்னாளில் 'ஊட்டி கிளப்' என்று பெயர்பெற்ற மனமகிழ் மன்றத்தின் வெண்தூண் மாளிகையே அது. 1831-32-இல் அதனை விடுதியாகக் கட்டியவன் வில்லியம் இரம்போல்டு என்பான். இவன் யார்? சென்னை ஆளுநனாயிருந்து பெரும்பொருள் குவித்தமைக்காக இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே குற்றஞ்சாட்டப்பெற்ற தாமசு இரம்போல்டின் பெயரன்! ஐதராபாத்தில் நிசாமுக்குக் கொடுவட்டிக்குக் கடன்கொடுத்து அந்நாட்டு வருவாயையே உறிஞ்சிய பாமர் நிறுவனத்தின் பங்காளி! 1813 முதல் 1823 வரை தலைமை ஆளுநனாயிருந்த ஏசுட்டிங்சுப் பெருமகனின் காப்பில் வளர்ந்த பெண்ணை மணந்தவனாதலின், அவ்வட்டிக்கொள்ளை நெடுநாள் கேட்பாரற்று நடந்தது. மெட்காஃபு என்னும் ஆங்கிலேயப் பேராளனே அதனை வெளிக்கொணர வேண்டியதாயிற்று.

அத்தகையோன் கைப்பொருளில் எழுந்த மாளிகையைத்தான் 'கட்டடக்கலையின் சிறப்பு' என்று இன்றைய சுற்றுலா ஏடுகள் வியக்கின்றன. தூணின் வெண்மை தெரிகின்றது. அதனைக் கட்டிய பொருளின் கறை தெரியவில்லை! ஊரின் மற்றொரு பெருங்கட்டடமான தூய இசுடீபன் கோயிலுக்கும் இதே கதைதான். 1829-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அக்கோயிலுக்கு வேண்டிய பெருமரங்கள், திப்புவின் சீரங்கப்பட்டண அரண்மனையை இடித்துக் கொணரப் பெற்றவை. தோற்றவன் அரண்மனை வென்றவன் கோயிலுக்கு உத்தரமாயிற்று.

மாந்தர் தோள்மேல் நானூறு கல்

1834-இல் தலைமை ஆளுநன் பெண்டிங்கு உதகைக்கு வந்து, இரம்போல்டின் அம்மாளிகையிலேயே தங்கினான். அவனைக் காண்பதற்கென்று, அவ்வாண்டு சூனில் சென்னைக் கரையிறங்கிய மெக்காலே புறப்பட்டான். சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியே உதகை வரை நானூறு கல் தொலைவு! அத்தொலைவு முழுவதையும் அவன் நடந்தானல்லன், குதிரையேறினானல்லன், பல்லக்கில் கிடந்து மாந்தர் தோள்மேல் வந்தான். இதனைப் பகைவர் கூறவில்லை. அவனே தன் மடலில் எழுதிவைத்தான்.

சுமந்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர் இரவில் எங்குத் துயின்றனர்? குளிரில் எதனைப் போர்த்தனர்? உதகையின் விடுதி வரலாற்றில் அவர்க்கு ஒரு வரியும் இல்லை. மலையிலிருந்து இறங்கிக் கல்கத்தா சென்ற மெக்காலே, அடுத்த ஆண்டு, 1835 பிப்பிரவரியில், தன் கல்விக் குறிப்பை வரைந்தான். சமற்கிருதத்தையும் அரபியையும் பற்றியே அதில் வழக்கிட்டான். நாட்டு மக்கள் பேசும் மொழிகளையோ வறியன, திருந்தாதன என்று ஒதுக்கினான். எவர் தோள்மேல் நானூறு கல் கிடந்து வந்தானோ, அவர் நாவின்மேல் இருந்த மொழி அவன் செவியில் ஏறவே இல்லை! சுமைகாரன் முதுகு தேவை, மொழி தேவையில்லை. ஆங்கிலேயர் கட்டிய விடுதிப் பண்பாட்டின் முழுநெறியும் இவ்வொரு தொடரில் அடங்கும்.

கீழே பசி, மேலே ஆடல்

1870-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, கோடைதோறும் சென்னை மாகாண அரசே கட்டுகளையும் ஏடுகளையும் தூக்கிக்கொண்டு மலையேறும் வழக்கம் நிலைபெற்றது. ஆளுநன் ஏறினான், அவன் அவையத்தார் ஏறினர், எழுத்தர் ஏறினர், சமையற்காரரும் குதிரைக்காரரும் சலவைக்காரரும் அவர்பின் ஏறினர். ஆண்டில் பெரும்பகுதி, வெயிலில் வேகும் மக்களைக் குளிரில் நடுங்குவோர் ஆண்டனர்!

இக்கொடுமை முழுவுருவம் கொண்டது 1876-78 பெரும்பஞ்சத்தில். சேலம், கோவை, வடார்க்காடு, பெல்லாரி, கடப்பை, கருநூல் என்று மாவட்டம் மாவட்டமாய் மக்கள் மடிந்தனர். தென்னாட்டில் மாண்டோர் ஐம்பது இலக்கத்தினும் மிகுதி என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணக்கு. 1877 தொடக்கத்தில், தலைமை ஆளுநன் இலிட்டன் விடுத்த இரிச்சர்டு டெம்பிள் வந்தான். நாள்முழுதும் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டுத் தவசமும் சிறு காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தான். 'இஃது உயிர்காக்கப் போதாது' என்று மாகாண நலத்துறை ஆணையர் கார்னிசு என்னும் ஆங்கிலேய மருத்துவரே எதிர்த்தெழுதினார். கண்டனம் முற்றிய பின்னரே ஓரளவு உயர்த்தினர்.

அதே 1877-இல் உதகையில் நடந்தது என்ன? ஆளுநன் பக்கிங்காம் கோமகனுக்குப் புதிய மலைமாளிகை எழத் தொடங்கிற்று! பக்கிங்காமின் அரசு தொடக்கத்தில் தவசம் வாங்கிச் சேர்க்க முனைந்ததும், அதனை இலிட்டன் தடுத்ததும் உண்மையே. ஆயினும், பஞ்சம் பார்க்கத் தென்னாடு வந்த அவ்விலிட்டன் உதகைக்கும் ஏறினான். அங்குப் பெய்த மழையையும் குழைந்த சேற்றையும் கண்டு, 'ஆகா, இங்கிலாந்தின் மழை! இங்கிலாந்தின் சேறு!' என்னும் பொருள்பட மனைவிக்கு மகிழ்ந்து மடலெழுதினான். கீழே ஒரு துளி மழைக்கு வானம் பார்த்துச் செத்தவர் எத்தனை பேர்! மேலே மழையின் அழகைச் சுவைத்தவன் எத்தகையன்! பின்னர் அம்மாளிகைக்கு ஆடற்கூடமும் சேர்க்கப்பெற்றது. ஆடுவதற்கு இடம் போதவில்லையாம்!

மாலைப் பொழுதுகள்

அவ்வூரில் மாலைப்பொழுது எவ்வாறு கழிந்தது? 1841-ஐ ஒட்டித் தோன்றிய மனமகிழ் மன்றம், பின்னர் இரம்போல்டின் மாளிகையில் குடியேறிற்று. அது வெள்ளையர்க்கென்றே அமைந்தது. உள்ளே குடிப்பிடமும் சூதாட்ட அட்டையும் பந்துக்கோலும் இருந்தன. 'சுனூக்கர்' என்னும் கோலாட்டம் 1875-இல் சபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படையலுவலனால் தோற்றுவிக்கப்பெற்று, 1880களில் உதகையில் விதிகள் வரையறுக்கப்பெற்றது. ஆட்ட விதி எழுதி ஒட்டிய அறை இன்றும் பெருமையோடு காட்டப் பெறுகின்றது. அவ்விளையாட்டுக்கு விளக்கேற்றிய கை எவருடையது? பந்தைப் பொறுக்கி வைத்த சிறுவன் எவன் மகன்? அதற்கு விதியும் இல்லை, குறிப்பும் இல்லை.

பகலில் வேட்டை. இங்கிலாந்தின் செந்நரி இங்கில்லை. ஆகவே நம் நாட்டுக் குள்ளநரியைத் துரத்தினர். கடல்தாண்டி வேட்டைநாய் கொணர்ந்து, செஞ்சட்டை மாட்டி, கொம்பூதிக் குதிரையேறினர். துரத்திய இடம் எது? தொதவரின் எருமைகள் மேய்ந்த புல்வெளி! அதற்கு 1891 முதல் 1896 வரை ஆளுநனாயிருந்தவனின் பெயரால் 'வென்லாக்கு வெளி' என்று பெயரிட்டனர். மேய்ச்சல் காத்தவனுக்குக் காட்டுச் சட்டம் தடைகட்டிற்று. நரிதுரத்தியவனுக்கு வெளி திறந்து கிடந்தது.

குதிரைப் பந்தயம், வேட்டைக்குழு விருந்து, ஆளுநன் மாளிகை ஆடல், 'அசெம்பிளி ரூம்சு' அரங்கில் துரைகளும் துரைசானிகளும் வேடங்கட்டிய நாடகம் என்று கோடை முழுவதும் கொண்டாட்டம்! நாட்டு மன்னர்களும் பின்தங்கினாரல்லர். மைசூர் மன்னன் 1873-இல் 'பெர்ன்கில்' மாளிகையை வாங்கினான். ஐதராபாத்து, பரோடா, சோதுபூர் மன்னரும் மலையில் மாளிகை கொண்டனர். தம் நாட்டில் அரசராயிருந்தவர், உதகையில் வெள்ளையன் தலையசைப்புக்குக் காத்திருந்தனர். ஆங்கிலேயரே இவ்வூரைச் 'செருக்குப் பிடித்த ஊட்டி' என்னும் பொருளில் 'சுநூட்டி ஊட்டி' என்று எள்ளினர் எனின், அதன் செருக்கு எத்துணைத்தாயிருந்திருக்கும்!

'நன்மையும் செய்தனரன்றோ?'

'வெள்ளையன் வந்ததனாலன்றோ பாதை வந்தது? 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் மலைத்தொடர்வண்டி வந்தது? பூங்கா வந்தது? வேலை வந்தது?' என்று வினவுவோர் உளர். வினா எழுப்பியோர் விடையையும் கேட்கக் கடமைப்பட்டவர்.

பாதை போட்டவன் வெள்ளையனல்லன். போடச் சொன்னவன் வெள்ளையன். முதல் மலைப்பாதையை வெட்டியவருள் கோவை, சேலம் சிறைகளிலிருந்து கொணரப்பெற்ற கைதியரும் அடங்குவர். பாதை மலைமக்களை உயர்த்தப் போடப்பெற்றதன்று. துரையின் பெட்டியை உயர்த்தப் போடப்பெற்றது. பூங்கா 1848-இல் உருப்பெறத் தொடங்கிற்று. அதன் மேட்டில் இன்றும் ஒரு தொதவ மந்து இருக்கின்றது. பூச்செடி பார்த்த களைப்பில் மேலேறி, 'அவர்களையும்' பார்த்துவிட்டு இறங்குவது அன்று துரைகளின் வழக்கம். இன்று யாருடைய வழக்கம்? வேலை வந்தது உண்மை. நிலத்துக்குரியவன் நிலத்திலேயே ஏவலனாவது வேலைவாய்ப்பு எனின், சிறையும் ஓர் இலவய விடுதியே!

தமிழர்க்குத் தங்குமனை புதிதன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மதுரையில் மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாவடியும், தஞ்சை மண்ணின் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் 1802-இல் எழுந்த அறச்சாலையும் வழிப்போக்கர்க்கு இடமும் உணவும் அளிக்க எழுந்தவை. அவற்றிலும் சாதிக்கொரு பந்தி என்னும் இழிவு புகுந்திருந்தது. அதனை மறைத்துப் பழம்பெருமை பேசுவது மற்றொரு பொய். அறச்சாலையின் சாதிப்பந்தியும் வெள்ளையன் மன்றத்தின் நிறப்பந்தியும் ஒரே நஞ்சின் இரு கிண்ணங்கள். உடைத்தெறிய வேண்டியவை இரண்டுமே.

விருந்தினன் மாறினான், கதவு மாறவில்லை

1947-இல் வெள்ளையன் இறங்கினான். அவன் விட்டுச்சென்ற நாற்காலியை நம்மவர் உடைத்தாரல்லர், துடைத்து அமர்ந்தனர்! ஊரின் நடுவே இன்றும் 'சேரிங் கிராசு'. இலண்டன் நாற்சந்தியின் பெயர் நீலமலையில் எதற்கு? விடுதிகளின் முகப்பிலோ இங்கிலாந்துச் சிற்றூர்ப் பெயர்கள், மாண்டுபோன அரசியரின் பெயர்கள். 'ஆங்கிலேயர் காலத்து அழகில் ஓர் இரவு' என்று விளம்பரம். அவ்வழகின் காலத்தில் இப்பொழுது பணங்கட்டி நுழையும் தமிழனின் பாட்டன் எங்கு நின்றிருப்பான்? அடுப்பங்கரை வாயிலில்! பேரன் அதே வாயிலை மறந்து, முன்வாயிலில் ஆங்கிலத்தில் வணக்கம் பெற்று மயங்குகின்றான்.

பெயர் மாற்றமும் ஓரிடத்தில் நேர்ந்தது. சோதுபூர் மன்னனின் ஆரன்மூர் மாளிகை, தமிழ்நாட்டரசின் விருந்தினர் இல்லமாகித் 'தமிழகம்' எனப் பெயர் பெற்றது. நன்று! ஆயின், பெயர்ப்பலகையில் தமிழகம் ஏறினால் போதாது. தமிழகத்து ஏழை அதன் படியேற இயலவேண்டும்.

ஊரின் நடுவே குதிரைப்பந்தயத் திடல் இருந்தது. குத்தகை 1978-இலேயே முடிந்த பின்னும் பந்தயம் ஓடிற்று. பல நூறு கோடி உருபாக் குத்தகை நிலுவையைக் காட்டி, 2024 சூலையில்தான் ஏறத்தாழ 52 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்திற்று. குடிசைக்காரன் ஒரு முழம் நிலத்தில் கால்வைத்தால் மறுநாளே வரும் இடிப்பு வண்டி, குதிரைக்காரனிடம் வர நாற்பத்தாறு ஆண்டு ஆயிற்று!

விடுதிப்பேய் உதகையோடு நிற்கவில்லை. மலையின் வடசரிவில், சீகூர்ப் பகுதியில், யானை வழித்தடத்தையே மறித்து உல்லாச விடுதிகள் முளைத்தன. அவ்வழித்தடத்தைக் காக்கும் அரசாணையை 2020 அட்டோபரில் உச்சமுறைமன்றம் உறுதிசெய்தது. மூன்று திங்களில், 2021 சனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியருகே வந்த யானைமேல் எரியும் துணி வீசப்பெற்றது. தீப்புண்ணோடு அலைந்து அவ்வுயிர் மாண்டது. அன்று குள்ளநரி, இன்று யானை. அன்று செஞ்சட்டை, இன்று சட்டை மட்டுமே மாறியுள்ளது!

ஊர்திகளின் நெரிசல் தாங்காது, 2024 மேத்திங்களில் மின்னிசைவுச் சீட்டின்றி மலையேறலாகாது என்று உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. 2025-இல் நாளொன்றுக்கு இத்துணை ஊர்தி என்னும் எல்லையும் வகுத்தது. 1820களில் சல்லிவன் வெட்டுவித்த ஏரியில் ஊர்க்கழிவு கலப்பது புதுநோயன்று. நூற்றாண்டைக் கடந்த நோய். விடுதியின் கழிவுக்கு இடமாகும் மலை, தொதவனின் எருமைக்கு இடமாகவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் பேரேயுள்ள அம்மக்கள் தம் மந்துகளின் ஓரத்தில் கம்பிவேலியைப் பார்த்து நிற்கின்றனர்.

செய்யத்தக்கவை

வேண்டுவது வெறும் வெறுப்பன்று, செயல். பழங்கட்டடங்களை இடித்தல் வேண்டா. அவை நிற்கட்டும், சான்றாக நிற்கட்டும்! ஆனால், ஒவ்வொன்றின் வாயிலிலும் அதனைக் கட்டியவனின் வரலாறும், கட்டிய கூலியரின் உழைப்பும், நிலத்துக்குரியவரின் பெயரும் தமிழில் பொறிக்கப் பெறல் வேண்டும். ஊரும் தெருவும் மலைமக்கள் இட்ட பெயரைத் திரும்பப் பெறல் வேண்டும். மீட்கப்பெற்ற பந்தயத்திடல் மீண்டும் செல்வர் களியாட்டுக்குப் போகாது, ஊரார்க்கே உரித்தாதல் வேண்டும். யானைத்தடத்திலும் நீரூற்றின் தலையிலும் ஒரு செங்கல்லும் எழலாகாது. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் இசைவின்றி இனி ஒரு விடுதிக்கும் உரிமம் வழங்கலாகாது. விடுதியில் பாத்திரங் கழுவுவோர்க்கும் படுக்கை விரிப்போர்க்கும் முறையான ஊதியமும், குளிர்தாங்கும் உறைவிடமும் சட்டத்தால் உறுதியாதல் வேண்டும்.

மலையேறும் தமிழர் ஒவ்வொருவரும் ஒன்றை நினைவிற் கொள்ளட்டும். மெக்காலே நானூறு கல் கிடந்து வந்த தோள், எவருடையதோ அன்று, அவர்தம் முன்னோருடையது. அத்தோளின் தழும்பை மறந்து, பல்லக்கின் பட்டுத்துணியை மெச்சுவோர், மீண்டும் சுமக்க அணியமாயிருப்போரே. தழும்பை மறவாதோர் எவருக்கும் சுமையாளராகார். எவரையும் சுமக்கச் செய்யவும் ஒருப்படார். அத்தகையோர் மலையேறும் நாளில்தான் ஒற்றைக்கல் மந்துக்கு உண்மையான விருந்தினர் வந்தவராவர்!